குனிந்து பார்க்காத குற்றம்

கார் வைத்திருக்கும் நாம் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் ஒன்று இருக்கிறது. வண்டியைத் தினமும் துடைக்கிறோம். சீட்டுக்கு உறை போடுகிறோம். கதவில் ஒரு கீறல் விழுந்தால் பதறுகிறோம். குடும்பத்தையே சுமந்துகொண்டு மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓடும் நான்கு டயர்களை மட்டும் குனிந்து பார்ப்பதில்லை. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடித்தால் நிற்பதும், வளைவில் திரும்புவதும், மழையில் வழுக்காமல் போவதும் அந்த அளவு ரப்பரை நம்பித்தான்.

தெரியாது என்று சொல்லித் தப்பவும் நமக்கு வழியில்லை. எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியது. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை என்று சென்னையைச் சுற்றிலும் டயர் ஆலைகள். கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். இத்தனை பேர் உழைத்துச் செய்த பொருளை, வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறோம்.

முதல் அலட்சியம் காற்றில். எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கார் செய்தவர்களே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அந்த ஸ்டிக்கர் தெரியும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். ஆள் குறைவாக ஏறினால் எவ்வளவு, வண்டி நிறைந்தால் எவ்வளவு என்று பெரும்பாலும் தனித்தனியே போட்டிருக்கும். பங்க்கில் காற்றடிக்கும் தம்பி "எவ்ளோ சார்?" என்று கேட்கும்போது நம்மில் பலருக்கு அந்த எண் வாயில் வருவதில்லை. "எல்லாருக்கும் வைக்கிறதையே வைப்பா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறோம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது அந்த டயருக்கான உச்ச வரம்பு; நம் காருக்கு உரிய அளவு வேறு.

பங்க்சரே ஆகாத டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. காற்று தானாக இறங்கும். டயர் ஆறியிருக்கும்போது அளப்பதே சரியான அளவு. நாமோ நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, டீ குடிக்க நிறுத்திய இடத்தில் சூடான டயரை அளந்து, காற்று கூடியிருக்கிறது என்று இறக்கிவிடுகிறோம். ஆறியதும் அது தேவைக்குக் கீழே போய்விடுகிறது. நைட்ரஜன் அடித்தவர்கள் இனிக் கவலையில்லை என்று மாதக்கணக்கில் திரும்பியே பார்ப்பதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதை அடித்தாலும் அளந்து பார்க்கும் வேலை மிச்சமாகாது.

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் வளையும் இடம் சுடுவதைப் போல, டயருக்குள்ளே சூடு ஏறிக்கொண்டே போகிறது. மே மாதத் தார்ச்சாலை வேறு அறுபது டிகிரியைத் தொடும். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள். உள்ளிருக்கும் எஃகுப் பட்டைக்கும் ரப்பருக்கும் இடையே பிடிப்பு தளர்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பிய்த்துக்கொள்கிறது. டயர் வெடித்துக் கார் கவிழ்ந்த செய்தியை மறுநாள் நாளிதழில் படித்துவிட்டு, விதி என்கிறோம். அதற்கு முந்தைய மாதங்களில் அந்த டயரை யார் பார்த்தார்கள் என்று கேட்பதில்லை.

அமெரிக்காவில் கேட்டார்கள். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயரின் மேல்பட்டை பிரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த விவகாரத்தில், 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. தயாரிப்புக் குறையோடு, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. போதுமா, 30 வேண்டுமா என்பதும் பெரிய சர்ச்சையானது. அந்த ஆண்டே சட்டம் வந்தது. அதன் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் புதிய கார்களில், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. இப்போது நம் ஊர்ப் புதுக் கார்கள் பலவற்றிலும் அந்தக் கருவியின் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு வந்துவிட்டது. எரிந்தால், சென்சார் கோளாறாக இருக்கும் என்று ரீசெட் செய்துவிட்டு மேலே போகிறோம்.

இரண்டாவது அலட்சியம் தேய்மானத்தில். புதுக் கார் டயரின் பள்ளம் ஏறத்தாழ 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. அளவுகோல்கூட வேண்டாம். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கின்றன. டயரின் மேல்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். நாம் அதைப் பார்த்த பிறகும், இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று தள்ளிப்போடுகிறோம். பள்ளம் இருப்பது தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. அது தேய்ந்துபோன டயர் ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரின் மேல் மிதந்து, ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கட்டுப்படாமல் போகும். காற்றும் குறைந்திருந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே அது நடக்கும்.

தேய்ந்த விதமே நோயைச் சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை. திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் பேலன்சிங்கையோ ஷாக் அப்சார்பரையோ பார்க்க வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதைப் படிக்காமல், டயர் மட்டம் என்று கம்பெனியைத் திட்டுகிறோம்.

மூன்றாவதாக, வயது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெயிலும் ஓசோனும் படப்பட, ஓடாமல் நிற்கும் வண்டியின் டயரும் இறுகி வெடிப்பு விடும். ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்று மிஷெலின் போன்ற நிறுவனங்கள் சொல்கின்றன. அப்பா எப்போதாவது கோயிலுக்கு எடுத்துப் போகும் வண்டி, டயரின் பள்ளம் தேயாமல் அப்படியே இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். பத்து ஆண்டாக டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியை நினைப்பதே இல்லை. நடு இரவில் நடுவழியில் அதைத்தான் மாட்டப்போகிறோம்.

இந்த அலட்சியத்தின் விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை. எதிரே பைக்கில் வருகிறவரும், சாலையோரம் நடக்கிறவரும் கொடுக்கிறார்கள். கழற்றிப் போட்ட டயரையும் நாம் சும்மா விடுவதில்லை. மொட்டை மாடியில் மழைநீர் பிடித்துக் கிடக்கும் டயரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டிக் கேட்டும் போகியன்று டயர் எரிப்பது முழுதாக நிற்கவில்லை. அந்தக் கரும்புகை ஆஸ்துமா உள்ள குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது.

செய்ய வேண்டியது பெரிதல்ல. மாதம் ஒருமுறை, நீண்ட பயணத்துக்கு முன் ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்குமுன் காற்றை அளப்போம், ஸ்டெப்னியையும் சேர்த்து. கையடக்க கேஜ் ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்போம். பங்க்கில் காற்று இலவசம். இறங்கி நின்று, நம் எண்ணைச் சொல்லி, காற்றடிக்கும் தம்பிக்கு நன்றி சொல்வோம். சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்கள், டயர் மாற்றணும் சார் என்று அவர் சொல்லும்போது அடுத்த மாதம் என்று தள்ளாமல் இருப்போம். அந்த வண்டியில் அவர் உயிரும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், டயரைச் சுற்றி வந்து பார்க்கக் கற்றுக்கொடுப்போம். மாதத்தில் ஐந்து நிமிட வேலை இது. அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காமல் நடக்கும் விபத்துக்கு விதியைக் காரணம் காட்டும் உரிமை நமக்கு இல்லை.