வண்டி இழுக்கலையா? ஸ்பானரைக் கீழ வைங்க, முதல்ல லாக்கைப் பாருங்க

மக்களே, பொட்டி தட்டுறதுலயே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. இந்த வாரம் ஆணி கொஞ்சம் குறைச்சல், அதான் இந்தப் பதிவு. விஷயம் கார் பத்தி. கார்ல ஆர்வம் இல்லாதவங்களும் கடைசி வரைக்கும் வாங்க, கோட் அடிக்கிற எல்லாருக்கும் இதுல ஒரு சேதி இருக்கு.

காலேஜ்ல என் ரூம்மேட்டா இருந்தவன் இப்ப கோவைல இருக்கான். பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, பெரிய இன்டர்கூலர், கூம்பு மாதிரி ஏர் ஃபில்டர், ஈசியூவுக்கு ரீமேப் எல்லாம் பண்ணினான். மூணு மாசம் பறந்துச்சு. அப்புறம் 3500 ஆர்பிஎம் தாண்டினாலே சோர்ந்து போக ஆரம்பிச்சுது. தாராபுரம் ரோட்டுல ஒரு நாள் லாரியை ஓவர்டேக் பண்ண வெளிய எடுத்தவன், எதிர்ல பஸ் வர, வண்டி இழுக்காம, ப்ரேக்கை மிதிச்சு மறுபடி லாரி பின்னாடியே ஒதுங்கியிருக்கான். பயந்துட்டான்.

அடுத்து ஆரம்பிச்சுது ஆரூடம். ஒருத்தர் ஸ்பார்க் ப்ளக்னார், மாத்தினான். இன்னொருத்தர் காயில்னார், மாத்தினான். சைலன்சர்ல பெட்ரோல் வாடை வருது, அப்ப ஏர் ஃப்ளோ சென்சார்தான்னு மூணாவது ஆள். அதையும் மாத்தினான். 38,000 ரூபாய் காலி, வண்டி அப்படியே. நாலாவது ஆள் "டர்போ போச்சு"ன்னுட்டார். அஞ்சாவது ஆள் இன்னும் மேல: "ரீமேப்ல பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏத்திட்டா சரியாயிடும்."

எனக்குப் போன் பண்ணும்போது சீட்டுப் பணத்தை எடுத்து டர்போ வாங்கற முடிவுல இருந்தான். பாப்பா ஸ்கூல் ஃபீஸுக்காகக் கட்டிட்டு வர்ற சீட்டு. "லாக் எடுத்தியாடா?"ன்னேன். "எர்ரர் லைட்டே எரியல மாப்ள, என்ன லாக்கு?"ன்னான்.

இதுதான் என் ஆதங்கமே. சர்வர் ஸ்லோன்னா நாம லாக்கைத் திறப்போமா, இல்ல புது ஹார்ட் டிஸ்க் வாங்குவோமா? (சில மேனேஜருங்க வாங்குவாங்க, அது வேற கதை :-)). காருக்குள்ளயும் ஒரு கம்ப்யூட்டர் உக்காந்து நொடிக்கு நொடி எல்லாத்தையும் அளந்துட்டு இருக்கு. அதைக் கேக்காம ஊரெல்லாம் கேக்கறோம்.

கேக்க வேண்டியது நாலே விஷயம். ஈசியூ கேட்ட பூஸ்ட் எவ்வளவு, நிஜமா வந்த பூஸ்ட் எவ்வளவு, உள்ள போற காத்தோட சூடு எவ்வளவு, இக்னிஷன் டைமிங் எவ்வளவு பின்வாங்குது. கேட்டதும் வந்ததும் ஒண்ணா இருந்தா டர்போ மேல பழி போடாதீங்க. டைமிங், பெட்ரோல், கிளட்ச் வழுக்கல்னு வேற பக்கம் தேடணும். கேட்டதை விட வந்தது குறைஞ்சா எங்கயோ காத்து ஒழுகுது, இல்ல வேஸ்ட்கேட் சரியா மூடல, இல்ல புகை வெளிய போற வழி அடைச்சிருக்கு. டர்போ தேஞ்சிருக்கலாம்ங்கறது இந்த வரிசைல கடைசில வரணும், முதல்ல இல்ல.

சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். டைனோ ரோலர் மேல வண்டி, மடில லேப்டாப். 4000 ஆர்பிஎம்ல ஈசியூ கேட்டது 1.9 பார், வந்தது 1.5 பார். (இது மொத்த அழுத்தக் கணக்கு. வெளிக்காத்து அழுத்தமும் இதுல சேர்த்தி. டேஷ்போர்டு மீட்டர் அதைக் கழிச்சுட்டுக் காட்டும். ரெண்டையும் குழப்பிக்கிட்டு சண்டை போடறவங்க நிறைய.) கூடவே டைமிங்கும் 6 டிகிரி பின்வாங்கிட்டு இருந்துச்சு.

பக்கத்துல இருந்த மெக்கானிக் அண்ணன் லாக்கைப் பாத்துட்டு, டர்போ வாயை ஒரு மூடியால அடைச்சு, அளவா காத்து ஏத்தி, ஹோஸ் மேலெல்லாம் சோப்புத் தண்ணி தெளிச்சார். இன்டர்கூலருக்குக் கீழ, கிளாம்ப் கடிச்ச இடத்துல, ஹோஸ்ல ஒரு கிழிசல். புஸ்ஸுன்னு நுரை! ஐடிலிங்ல அந்தக் கிழிசல் மூடிக்கும், பூஸ்ட் ஏறினாதான் வாயைத் திறக்கும். சென்சார் எண்ணி அனுப்பின காத்து வழியில ஓடிப்போக, ஈசியூ முழுக் காத்துக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊத்த, அதான் அந்த வாடை. பாவம், நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுட்டோம்.

ஹோஸும் கிளாம்பும் 1,400 ரூபாய். பூஸ்ட் வந்துடுச்சு. டைமிங் மட்டும் இன்னும் பின்வாங்குச்சு. ரீமேப் ஃபைலைப் பாத்தா 98 ஆக்டேனுக்கு எழுதினது, நம்மாளு ஊத்தறது சாதா பெட்ரோல். எஞ்சின் நாக் ஆகுது, ஈசியூ பவரைக் குறைச்சுக் காப்பாத்துது. அஞ்சாவது ஆள் பேச்சைக் கேட்டு பூஸ்ட்டை ஏத்தியிருந்தா? ஒழுகறதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாச் சுத்தி, காத்து இன்னும் சூடாகி, ஒரு நாள் பிஸ்டன் உருகியிருக்கும்.

இது புதுக்கதையும் இல்ல. 1962-ல அமெரிக்கால ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்னு ஒரு டர்போ கார் வந்துச்சு. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணியும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு தொட்டில ஊத்தி வைக்கணும். தீர்ந்துட்டா ஒரு வால்வு பூஸ்ட்டைக் குறைச்சுடும். நிறைய பேர் ஊத்த மறந்தாங்க, வண்டி இழுக்கலைன்னு குறை சொன்னாங்க. அது பழுது இல்ல, பாதுகாப்பு.

"அனுபவசாலி மெக்கானிக் சத்தத்தை வச்சே சொல்லிடுவார்"னு சிலர் சொல்வாங்க. மறுக்கல. கிழிசலைக் கண்டுபிடிச்சது அண்ணனோட கைதான். ஆனா எங்க கை வைக்கணும்னு சொன்னது லாக்.

அதனால மாடிஃபை பண்ற மக்களே, வண்டி நல்லா ஓடும்போதே ஒரு லாக் எடுத்துப் பத்திரமா வைங்க. ஒவ்வொரு பார்ட்டா மாட்டுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு லாக். புது இன்டர்கூலரை எத்தனை போட்டோ எடுக்கறோம்! அதுல பாதி அக்கறை போதும்.

டிஸ்கி: சீட்டுப் பணம் பத்திரம். பாப்பா எல்கேஜி சேந்தாச்சு. நம்மாளு இப்ப நல்ல பெட்ரோல்தான் ஊத்தறான், ஊத்தும்போது என்னைத் திட்டிக்கிட்டே.