எரிந்த ஊரும் எழும் கோபுரமும்

கனடா நாட்டின் மேற்குக் கரையிலே ஓர் எழில் நகரம், வான்கூவர். அங்கே, கழிமுகத்தருகே, பாலத்தை ஒட்டி, 11 கோபுரங்கள், ஏறத்தாழ 6,000 வீடுகள் என்ற திட்டத்துடன் 2022ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. கட்டுவோர் யார்? அம்மண்ணின் பூர்வகுடிகளாம் ஸ்குவாமிஷ் மக்கள்! எழுந்தது கூக்குரல். இத்தனை உயரமா, இத்தனை நெருக்கமா, இது பழங்குடி மரபுக்கு அடுக்குமா என்று கேட்டனர் சிலர்.

மரபாம், மரபு! அந்த மரபு குடியிருந்த வீடு எங்கே என்று கேளுங்கள்.

அவ்விடத்தின் பெயர் செனாக். மீன் பிடித்து ஸ்குவாமிஷ் மக்கள் வாழ்ந்த ஊர். 1869இல் அரசு அதை அவர்கட்கென 'ஒதுக்கி'க் கொடுத்தது. 1877இல் அது 80 ஏக்கராயிற்று. அவனவன் வீட்டை அவனவனுக்கே ஒதுக்கித் தரும் தயாள குணத்தை என்னென்பது! பின்னர் ரயில் கம்பெனி வந்தது. ஒரு துண்டு போயிற்று. நகரம் வளர்ந்தது, மண்ணின் விலை ஏறிற்று. 1913இல் மாகாண அரசு, மத்திய அரசின் ஒப்புதலைக்கூடப் பெறாமல், குடும்பத் தலைவர்களின் கையிலே பணத்தைத் திணித்து, பெண்டு பிள்ளைகளோடு படகிலேற்றி அனுப்பிற்று. வீடுகளுக்குத் தீயிட்டனர்!

ஸ்குவாமிஷ் தலைவர் கட்சலானோவின் பெயரைச் சிதைத்து அப்பகுதிக்குச் சூட்டினர், கிட்சிலானோ என்று. பெயர் தங்கலாம்; பேரன் தங்கலாகாது!

அருகே ஸ்டான்லி பூங்கா. 1888இல் திறந்தார்கள். அதற்குச் சாலை போட, பூர்வகுடி ஊரின் கிளிஞ்சல் மேட்டை வெட்டிப் பரப்பினர். தலைமுறை தலைமுறையாக உண்டு குவித்த சிப்பிகள், உலாவ வந்த சீமான்களின் காலடியிலே நொறுங்கின. அன்று மரபு எவர் நினைவுக்கும் வரவில்லை.

கோபுரம் கட்டி வாடகை வாங்குவது வணிகந்தானே என்பார் என் நண்பர் ஒருவர். ஆம், வணிகந்தான். நகரமெங்கும் மற்றவர் செய்தால் வளர்ச்சி. இவர்கள் செய்தால் மட்டும் மரபுக் கேடோ? வில்லும் அம்புமாக நின்று காட்சி தந்தால்தான் அவர்கள் பூர்வகுடிகளோ?

2000ஆம் ஆண்டில் 9 கோடியே 25 லட்சம் டாலர் இழப்பீடு தந்தாயிற்றே என்றும் வாதிடுவர். தந்தார்கள், பல நிலங்களுக்கும் சேர்த்து. செனாக்கிலோ, ரயில் கம்பெனி பிடித்த நிலத்தில் பத்தரை ஏக்கர் அளவே, வழக்காடி வென்ற பிறகு, 2003இல் மீண்டது. மற்றை நிலத்திலே பூங்கா இருக்கிறது. அப்பூங்காவிலே, வான்கூவரின் வரலாற்றைச் சொல்ல, ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.