குழாய்க்கு எதிர் வீடு

பாட்டி வாழ்ந்த லயத்து வீட்டின் வயதைத் தேடிப் புறப்பட்டேன். நில அலுவலகம் உதவாது. நிலப்பட்டா தோட்டக் கம்பெனி பெயரில். நம்மவர்கள் வெறுமனே குடியிருந்தவர்கள்தானே! நம் தடயம் வேறு தாள்களில் இருக்கிறது: அப்பாவின் பிறப்புப் பத்திரம், 1948இல் அறிமுகமான அடையாள அட்டை, தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பதிவேடு. அவையும் தோட்டத்தின் பெயரோடு நின்றுவிட்டன. எந்த வீடு?

"எத்தனாம் நம்பர், பாட்டி?"

"நம்பரா? குழாய்க்கு எதிர் வீடு. ஜப்பான்காரன் காலத்துல அத்தாப்புக் கூரை. தகரம் அப்புறம்தான்."

அப்படியென்றால் 1945க்கு முன்பே எழுந்த வீடு!

போன ஞாயிறு பாட்டியை அழைத்துப் போனேன். எங்கும் செம்பனை. குழாயடிச் சிமெண்டுத் திட்டு மட்டும் மிச்சம். அதிலிருந்து எட்டு அடி எண்ணி வைத்து நின்றார்.

"இங்கதான் அடுப்படி. செருப்பைக் கழட்டு."