எட்டுப் பத்து கம்ப்யூட்டர்களுக்கு எந்த சர்வர்?



ஆடிட்டர் அலுவலகம், அச்சகம், மருந்து மொத்த விற்பனை என்று பல இடங்களிலிருந்தும் விடாமல் வரும் கேள்வி இது: “எட்டுப் பத்து கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்திருக்கிறோம். எந்த டேட்டாபேஸ் சர்வர் போடலாம்?” கேட்பவர்களில் பலரிடம் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஷேர் செய்த ஃபோல்டரில் ஒரு ஆக்சஸ் ஃபைல்!

அதில் சர்வர் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியே அந்த ஃபைலைத் தானே திறந்து தானே எழுதுகிறது. எழுதுகிற நேரம் பார்த்து யாராவது கேபிளைக் காலால் இடறினால் ஃபைலே கெட்டுப்போகலாம். 2 ஜி.பி.க்கு மேல் வளரவும் வளராது. சர்வர் வந்துவிட்டால் ஃபைலைத் தொடுவது ஒரே புரோகிராம்தான்; மற்றவர்கள் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பாதியில் கரண்ட் போனாலும், அரைகுறையாக நின்ற பதிவை அது ரத்து செய்துவிட்டுத்தான் மறுபடி எழும்.

இலவசமாகவே நல்ல சர்வர்கள் உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில், 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி. எல்லை. பில்லுக்கும் ஸ்டாக்குக்கும் அது தாராளம். ஸ்கேன் செய்த படங்களையும் உள்ளே திணித்தால்தான் தட்டும். மைஎஸ்க்யூஎல் 2010இல் ஆரக்கிள் வசம் போனது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வைடேனியஸ், மரியாடிபி என்று தன் இளைய மகள் பெயரில் தனிக்கிளை கண்டார். என் ஓட்டு போஸ்ட்கிரெஸுக்கு. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். லைசென்ஸ் கட்டணம் இல்லை, டேட்டாபேஸ் அளவுக்கு எல்லை இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் தமிழில் பத்துப் பெயர்களை ஏற்றிப் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் பெயருக்கான பத்தியை வெறும் வார்சார் வகையாக அமைத்தால் பெரும்பாலும் கேள்விக்குறிகளாகவே திரும்பி வரும்; யூனிகோடை ஏற்கும் என்வார்சார் வகை வேண்டும். வரிசையிலும் வம்பு உண்டு. யூனிகோடில் ‘ன’வின் எண் ‘ம’வுக்கு முன்னால் இருப்பதால், எண் வரிசைப்படி அடுக்கினால் அமுதாவுக்கு முன் அன்பழகன் வந்து நிற்பார். அகராதி முறை தலைகீழ். போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் வழித் தமிழ் வரிசையைத் தேர்ந்தால் இது சரியாகும். வாடிக்கையாளர் பட்டியலைத் தமிழில் அச்சடிக்கிற அலுவலகத்துக்கு, வேகத்தைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

இத்தனை சொன்னாலும், உங்கள் ஊரில் கூப்பிட்டால் வருகிறவருக்கு எஸ்க்யூஎல் சர்வர் மட்டுமே தெரியும் என்றால் அதையே போடுங்கள். என் ஓட்டு உங்கள் சர்வரைச் சரிசெய்ய வராது.

பேக்கப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். அதுவும் போஸ்ட்கிரெஸ்தான். ஐந்து விதக் காப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூட அவசரத்துக்கு உதவவில்லை. வேறொரு வேலைக்காக சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. உங்கள் பேக்கப்பை இந்த மாதமே வேறொரு கம்ப்யூட்டரில் ரெஸ்டோர் செய்து பாருங்கள். வரவில்லையென்றால் எங்கே நின்றது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் பதில் சொல்ல முயல்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்