கண்ணைப் பறிக்கும் ஒளி

வண்டியின் முன்விளக்கைப் பற்றி ஓர் அரசியல் வார ஏடு தலையங்கம் தீட்டுவதா என்று வாசகர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். கினிகத்தேனையிலிருந்து ஹற்றனுக்கோ, இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கோ ஒரு முறையேனும் இரவில் வந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஒரு பக்கம் மலைச்சரிவும் வடிகானும், மறுபக்கம் அதல பாதாளம். இவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் வீதி. அதன் மேல் திடீரெனக் கவியும் மூடுபனி. அந்த வீதியின் ஓரத்தில்தான் வேலை முடிந்து வரும் தொழிலாளியும், மாலை வகுப்பு முடிந்து லயத்துக்குத் திரும்பும் பிள்ளைகளும் நடந்து செல்கின்றனர்.

அண்மைக் காலமாக இம்மலைப்பாதைகளில் ஒரு போட்டி மூண்டிருக்கிறது. எதிரே வருபவனின் விளக்கைவிடத் தன் விளக்கு பிரகாசமாக இருக்கவேண்டும் என்று ஒருவர் புதிய மின்குமிழ் மாட்டுகிறார். அதனால் கண் கூசிய மற்றவர் அடுத்த வாரமே அதைவிடக் கூடிய குமிழை மாட்டுகிறார். இவர்களை முற்றாகக் குறைகூற நாம் முன்வரவில்லை. நள்ளிரவில் மரக்கறி ஏற்றிப் புறப்படும் லொறிச் சாரதியும், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை லயத்திலிருந்து ஏற்றிவரும் முச்சக்கர வண்டிக்காரரும் அலங்காரத்துக்காகவா வெளிச்சம் தேடுகிறார்கள்? டிக்கோயாவில் 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மருத்துவமனைக் கட்டடத்தைத் திறந்துவைத்தார், மகிழ்ச்சியே. ஆயினும் தோட்டத்திலிருந்து அதன் வாசலை அடையும் வழி இருட்டாயிருந்தால் கட்டடம் மட்டும் என் செய்யும்?

தேவை உண்மையானது, தேடிய மருந்துதான் பிழையானது.

முன்விளக்கு என்பது குமிழ் மட்டுமன்று. குமிழ், அதன் பின்னுள்ள கண்ணாடிக் கிண்ணம், முன்னுள்ள மூடி ஆகிய மூன்றும் சேர்ந்து கணக்குப் பார்த்து அமைக்கப்பட்ட ஒரு கருவி அது. எச்4 எனப்படும் ஹலோஜன் குமிழில், ‘டிம்’ வெளிச்சம் தரும் இழைக்குக் கீழே சிறியதொரு உலோகத் தடுப்பு உண்டு. மேல்நோக்கிப் பாய்ந்து எதிரே வருபவரின் கண்ணைத் தாக்கக்கூடிய ஒளியை மறிப்பது அதுவே. அந்த இழை இருந்த இடத்தில், வேறு வடிவும் வேறு அளவும் கொண்ட எல்.ஈ.டி. குமிழைத் திணித்தால், கிண்ணத்தின் கணக்குக் குழம்பிவிடுகிறது. தார்வீதியில் விழவேண்டிய ஒளி மனிதர் முகத்தில் விழுகிறது. எல்.ஈ.டி.யே தீது என்று நாம் கூறவில்லை. அது மின்சாரத்தைக் குறைவாகவே உண்கிறது. ஜெர்மனியில் 2020இல் ஒஸ்ராம் நிறுவனத்தின் மாற்றுக் குமிழுக்கு அனுமதி வழங்கியபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டி வகைகளுக்கு மட்டுமே வழங்கினார்கள். இங்கோ, கடையில் கிடைத்ததைக் கராஜில் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

வலுக்கூடிய ஹலோஜன் குமிழ் போடுவோரின் நிலையும் மேலானதன்று. வழக்கமான குமிழ் 60/55 வாற்று. 12 வோல்ற்று வண்டியில் இரண்டும் சேர்ந்து 10 அம்பியர் வரை இழுக்கும். 100/90 வாற்றுக் குமிழ்களோ 16 அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய கம்பியும் சுவிட்சும் அதைத் தாங்குமா? பிளாஸ்டிக் உருகிய நாற்றம் மூக்கில் ஏறிய பின்னரே பலர் இக்கேள்வியைக் கேட்கிறார்கள்.

கண்கூசிய சாரதியின் பார்வை மீளச் சில விநாடிகள் ஆகும். முதியவர்களுக்கு இன்னும் அதிகம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒவ்வொரு விநாடியிலும் 11 மீற்றர் ஓடிவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் வீதியோரத்தில் நடப்பவர் யார், வளைவு எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்?

2023 சனவரி 20ஆம் திகதி இரவு, நானுஓயா இராதல்லையில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி எழுவர் மாண்டனர். 2025 மே 11ஆம் திகதி விடியுமுன், கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். இவற்றுக்கு முன்விளக்குக் காரணம் என்று நாம் சொல்லவரவில்லை. சொன்னால் அது பொய்யாகும். இம்மலைப்பாதையில் இரவில் நேரும் ஒரு தவறுக்கு எவ்வளவு பெரிய விலை என்பதற்காகவே குறிப்பிட்டோம்.

மேலும், எவ்வளவு பெரிய குமிழானாலும் ஒளி நேராகவே பாயும். கொண்டை ஊசி வளைவில் அது திரும்பாது. வண்டி திரும்புமுன் அது எதிரேயுள்ள மலையில் முட்டும், அல்லது பள்ளத்தாக்கின் வெற்றுவெளியில் கரைந்துபோகும். மூடுபனியிலோ, பாய்ந்த ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பிவந்து சாரதியின் முன்னேயே வெள்ளைச் சுவராக எழும்பும். அங்கே ‘டிம்’ வெளிச்சமும், தாழப் பொருத்திய பனிவிளக்குமே துணை. (மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் பலமாக உண்டு. 1993 வரை மஞ்சள் முன்விளக்கையே கட்டாயமாக்கியிருந்த பிரான்சு நாடும் பின்னர் அதைக் கைவிட்டுவிட்டது.)

எனவே பணத்தைக் குமிழில் கொட்டுமுன் பார்க்கவேண்டியவை உள. மஞ்சள் படிந்து மங்கிய மூடியை மெருகிடுக. துருப்பிடித்த இணைப்புகளைச் சுரண்டித் துப்புரவாக்குக. ரிலே பொருத்திப் பற்றரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுக்குக. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஹலோஜன் குமிழின் ஒளி ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குன்றிவிடும் என்பதைப் பலர் அறியார். பிறகு விளக்கின் சாய்வு. சமதரையில் வண்டியை நிறுத்தி, 10 மீற்றருக்கு அப்பாலுள்ள சுவரில் பார்த்தால், பெரும்பாலான கார்களில் ‘டிம்’ ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்திலிருந்து சுமார் 10 சென்ரிமீற்றர் கீழே நிற்கவேண்டும். பின்னால் ஆட்களை நிறைத்தால் வண்டியின் முகம் உயர்ந்து விளக்கும் வானத்தைப் பார்க்கும். அதைத் தாழ்த்தும் சிறு திருகி பல யப்பானிய வண்டிகளில் இருந்தும் தொடுவாரில்லை.

நிற்க, அரசாங்கத்தையும் நாம் கேட்கவேண்டியிருக்கிறது. 2025 சனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்ற பெயரில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டிய பொருட்களைக் கழற்றப் பொலிசார் புறப்பட்டனர். கழற்றியதற்குப் பதிலாக வீதிக்கு என்ன கொடுத்தார்கள்? சாரதிக்கு வளைவைக் காட்டுவது வீதியோரத்து வெண்கோடும், ஒளியைத் திருப்பியனுப்பும் கட்டைகளும், பள்ளத்தை மறிக்கும் வேலியுமே. இவை எங்கெங்கு மங்கியும் உடைந்தும் கிடக்கின்றனவோ அங்கெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபை உடனே கைவைக்கவேண்டும். 2018இல் திருத்தப்பட்ட சட்டத்தின் மூலம் தோட்டங்களுக்குள்ளும் பணிசெய்யும் அதிகாரம் பிரதேச சபைகளுக்குக் கிடைத்துவிட்டது. தோட்டத்துப் பாதை தோட்டக் கம்பனியின் பொறுப்பு என்று சபைகள் இனிக் கைவிரிக்க வழியில்லை.

வருடந்தோறும் வண்டியின் புகையைச் சோதித்துச் சான்றிதழ் கேட்கும் அரசு, அதன் விளக்கு எங்கே பார்க்கிறது என்பதையும் அதே இடத்தில் சோதிக்கச் செய்யலாம். அதற்கு ஒரு சுவரும் ஓர் அளவுநாடாவும் போதும். தென்மேற்குப் பருவமழை அடுத்த முறை ஹற்றன் மலைகளில் இறங்குமுன், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இதை நுவரெலியா மாவட்டத்திலேயே தொடக்கிவைக்கட்டும்.