மகன் பேரால் ஒரு நோட்டீஸ்

“பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிடுங்கள்.” குடித்தனக்காரர் காதில் விழும் வார்த்தைகளில் இதைப் போல் பதில் சொல்ல முடியாத வார்த்தை வேறில்லை. வாடகை போதவில்லை என்றால் பேரம் பேசலாம். மராமத்து என்றால் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளைக்கு இடம் கொடுக்காதே என்று சொல்ல யாருக்கு நா எழும்?

நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. அப்பா கட்டிய வீடு இருக்க, மகன் வாடகைக்கு வீடு தேடி அலைவது நியாயமல்ல. என் சண்டை மகனோடு அல்ல. மகனைச் சாக்காக வைத்துச் சொல்லும் பொய்யோடு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அதே திண்ணையில் அதிக வாடகை கொடுக்கும் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் செஞ்சியில் இறங்கி ராஜகிரியைப் பாருங்கள். அதைப் போல் குடி மாறிய வீடு வேறு உண்டா? 1649-இல் நாயக்கர்களைப் பீஜப்பூர்ப் படை வெளியேற்றியது. 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். நடுவே ஒரு குடும்ப விவகாரமும் உண்டு: சிவாஜியின் மருமகன் ஹர்ஜி மகாதிக் நிர்வகித்த கோட்டை, வடக்கே இருந்து தப்பி வந்த மகன் ராஜாராமுக்குத் தலைநகராயிற்று. இவர்கள் எவரும் காலி செய்யக் காரணம் சொல்லவில்லை. பீரங்கிக்குக் காரணம் தேவையில்லை. சட்டத்துக்குத் தேவை. அந்தக் காரணம் மெய்யாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதை உணர்ந்திருந்தது. சொந்தத் தேவைக்கு வீட்டைக் கேட்கலாம். ஆனால் கோரிக்கை உண்மையானது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். வீட்டைப் பெற்றவர் ஒரு மாதத்துக்குள் குடியேறாவிட்டாலும், குடியேறி ஆறு மாதத்துக்குள் தக்க காரணமின்றிக் காலி செய்தாலும், பழைய குடித்தனக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். 1988-இல் ஹமீதியா ஹார்ட்வேர் ஸ்டோர்ஸ் வழக்கில், கடைக் கட்டடமானாலும் மெய்யான தேவையைக் காட்டியாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆனாலும் ஒரு குறை. அதே கட்டடத்தில் கூடுதல் இடம் கேட்ட வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும், அவருக்கு வரும் சௌகரியத்தையும் குடித்தனக்காரர் படும் கஷ்டத்தையும் அந்தச் சட்டம் எடை போட்டது. மகனுக்காகக் கேட்டால் தராசே கிடையாது! 1947-இல் வந்த பம்பாய்ச் சட்டமோ சொந்தத் தேவை வழக்குகளிலும் அந்தத் தராசைத் தூக்கிப் பிடித்தது. 1999-இல் வந்த மகாராஷ்டிரச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

2019 பிப்ரவரி 22 முதல் நம் மாநிலத்தில் 2017-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் நடக்கிறது. அதற்கு எழுத்து மூலமான ஒப்பந்தமே அஸ்திவாரம். ஒப்பந்தம் செய்துகொள்ளாததே வெளியேற்றக் கோர ஒரு காரணம். ஆகவே, வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருப்பவரிடம் இனி மகன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சிறிய ஊர்களில் எத்தனை குடித்தனங்கள் வாய்ப்பேச்சில் நடக்கின்றன என்பதை நேயர்களே அறிவார்கள்.

வீட்டுக்காரர்கள் கோபிக்கலாம். பிராவிடண்டு பண்டைப் போட்டு வீடு கட்டிவிட்டு, சொற்ப வாடகைக்கு வருஷக்கணக்கில் அசையாதவரோடு மல்லாடிய வாத்தியாரை நானும் அறிவேன். அவர் கஷ்டம் வாஸ்தவம். ஆனால் தேவை மெய்யானால் நிரூபிப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்? நஷ்டமெல்லாம் பொய் சொல்கிறவருக்குத்தான்.

வழி எளியது. குடிபுகும்போதே ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: குடும்பத்தாருக்காகக் கேட்டால், பள்ளிக்கூட வருஷம் முடியும்வரை அவகாசம், சொன்ன ஆள் குடிவராவிட்டால் நஷ்ட ஈடு. உண்மையாகவே மகன் வரும் வீட்டுக்காரர் தயங்காமல் கையெழுத்துப் போடுவார். தயங்குகிறவரின் மகன் எப்போதுமே வரப்போவதில்லை.