அந்தக் கேள்விக்குப் பின்னால்

சில மாதங்களுக்கு முன், அஸ்ர் தொழுகைக்குப் பின், என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் வந்தார். "ஹஜ்ரத், தற்கொலை செய்துகொண்டவருக்கு ஜனாஸா தொழுகை உண்டா?" என்று கேட்டார். மஸ்அலா கேட்கிறார் என்றெண்ணி நானும் சட்டம் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவர் முகத்தை நோக்கிய பின்னரே, கிதாபில் விடை தேடும் கேள்வியன்று அது என்பது புலப்பட்டது. "தம்பி, உங்களுக்காகவா கேட்கிறீர்கள்?" என்றேன். "ஆமாம்" என்று சொல்ல அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணமும் புகுந்துவிடும் என நம்மில் பலர் அஞ்சுகிறோம். அவ்வாறு நேர்வதில்லை என்பதே மருத்துவர்களின் கூற்று.

உயிரை மாய்த்துக்கொள்வது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வேதனை மிகுதியால் சாவை விரும்பும் எண்ணம் எழுந்துவிட்டால் ஒருவர் ஈமானை இழந்தவராகிவிடமாட்டார். அன்னை மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், பேரீச்ச மரத்தடியில், முன்பே இறந்திருக்கக் கூடாதா என ஏங்கியதைத் திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் கூறுகிறது. அவர்களுக்குக் கிடைத்தது கண்டனமன்று. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், மரத்தை உலுக்கினால் உதிரும் கனிகளுமே கிடைத்தன.

அன்றிரவு அம்மாணவரைத் தனியே விடவில்லை. அவர் இசைவுடன் அவருடைய வாப்பாவிடம் சொன்னேன். வீட்டிலிருந்த பூச்சிமருந்தை அப்புறப்படுத்தினர். மறுநாள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "ஊர் என்ன சொல்லும்?" என்று உம்மா தயங்கினார். சர்க்கரை நோயை மறைக்காத நாம் இதை ஏன் மறைக்க வேண்டும்? நோய்க்கு மருந்து செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கின்றார்களே! தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சை அளிப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

அவ்வெண்ணம் அவரை முற்றிலும் விட்டகலவில்லை. இன்றும் சில இரவுகளில் வருகிறது. வரும்போது என் கதவைத் தட்டுகிறார். தேநீர் அருந்திப் பேசியிருந்து, ஃபஜ்ருக்கு ஒன்றாகச் செல்கிறோம். மாத்திரையை அவர் நிறுத்தவில்லை; துஆவை நானும் நிறுத்தவில்லை.

வாசகரே, அந்த எண்ணம் உங்களுக்கிருந்தால் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். எவரும் இல்லையெனில், 2022இல் அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அந்த எண்ணம் உங்களுக்கில்லையெனில், உங்களை நாடிவரும் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் முகத்தை ஒருமுறை உற்று நோக்குங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் மனநிம்மதி அருள்வானாக! ஆமீன்.